கிணற்றுக்கு நான் போட்ட மைனஸ்

என் மனைவிக்கு முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நடந்த நாளன்று காலையில், அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவளுடைய கணினிக் கோப்பை அவளைக் கேட்காமலே திறந்து, அதிலிருந்த மைனஸ் குறிகளை எல்லாம் ஓர் எறும்பு நீளம் கூட்டி வைத்தேன். எழுதும்போதே காது சுடுகிறது. குடித்துவிட்டுப் போய் கலாட்டா செய்த கணவனுக்குக்கூட ஊரில் ஒரு அந்தஸ்து உண்டு. நான் கோடு நீட்டினவன். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் புரியாது, புரிந்த பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீட்டின் முன்னறையைக் கடையாக்கி உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர்களின் பிறந்தநாள் பேனர். நல்லது கெட்டது எல்லாம் என் கணினி வழியாகத்தான் ஊருக்குள் போகும். இதையே செய்து செய்து கண்ணுக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. ஒரு கோடு நீளமா குட்டையா, புள்ளி மேலே ஏறியிருக்கிறதா கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் என்னால் எதையும் படிக்க முடியாது. ஒரு முறை துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். பேனரில் பிறந்த தேதிக்கும் இறந்த தேதிக்கும் நடுவில் போட்டிருந்த கோடு ரொம்பக் குட்டை. மனுஷன் பேரன் பேத்தி எடுத்து வாழ்ந்தவர், அவருக்கு இவ்வளவுதானா கோடு என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்து ஒருவர் வந்து தோளைத் தட்டிக்கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

மனைவி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடமும் சமையலும் போக மிச்சமிருந்த நேரத்தில் புள்ளியியலில் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தாள். எங்கள் வட்டாரத்து விவசாயக் கிணறுகளில் தண்ணீர் மட்டம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதுதான் ஆராய்ச்சி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் குண்டு கட்டிய அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்புவோம். காவாந்தண்டலம் பக்கம் கொஞ்சம், புள்ளலூர் பக்கம் கொஞ்சம். நான் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பேன். அவள் குறித்துக்கொள்வாள். தரைமட்டம் பூச்சியம். தண்ணீர் அதற்குக் கீழே எத்தனை அடியில் நிற்கிறதோ அது மைனஸ். ஒரு பெருமழை வருஷத்தில் சில கிணறுகள் நிரம்பி வெளியே வழிந்தன. ஆகவே பூச்சியத்துக்கு மேலே ப்ளஸ்ஸும் உண்டு.

இப்படியே இழுத்து இழுத்து வருஷங்கள் போய்விட்டன. பல்கலைக்கழகம் கொடுத்த கெடு முடிந்து, கெஞ்சி வாங்கின நீட்டிப்பும் முடியும் நேரத்தில்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். மிச்சமிருந்தது வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார், எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்பார், இவள் பதில் சொல்ல வேண்டும். திருத்திக்கொண்டு மறுபடி வா என்று அவர் சொல்லிவிட்டால் இவள் மறுபடி போக மாட்டாள். எல்லாவற்றையும் கட்டிப் பரண்மேல் போட்டுவிடுவாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அவளுக்கு ஒரு சிக்கல். வகுப்பில் அவள் குரல் அடுத்த கட்டடம் வரை கேட்கும். பெரியவர்கள் நிறைந்த கூடத்தில் மைக் முன்னால் நின்றால் போதும், குரல் தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். ஒத்திகை மாதிரி நடந்த ஒரு கருத்தரங்கில் படத்தைக் காட்டிவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு, அடுத்த படத்தைக் காட்டினாள். அதைத்தான் அவளால் செய்ய முடிந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் கணினியில் படங்களை ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினாள். கிணற்றுக்காரர்களும் வரலாம் என்று அழைத்திருந்ததால் வரைபடங்களில் தலைப்புகளைத் தமிழில் போட்டிருந்தாள். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. என் கண்தான் நேராக இடது ஓரத்துக்குப் போனது. அச்சுக்கோட்டுக்குப் பக்கத்தில் எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு குட்டைக் கோடு. இரண்டு சொற்களை ஒட்ட வைக்கப் போடுவோமே, அந்தக் கோடு.

"இந்த மைனசு குட்டையா கீது" என்றேன்.

"இருந்துட்டுப் போவட்டும்."

"மைனசே இல்லம்மா இது. மேல ப்ளஸ்ஸ பாரு. அதோட குறுக்குக் கோடு எம்மாம் நீளம்? மைனசும் அம்மாம் நீளம் இருக்கணும். நம்பரோட நட்டநடுவுல நிக்கணும். இது இன்னாடான்னா ஈ ஒக்காந்தா மாதிரி கீது. அண்ணந்தம்பிங்க ஒண்ணா நின்னா ஒரு சாடையாவது இருக்க வேணாமா?"

"ஒங்க அண்ணனுக்கும் ஒங்களுக்கும் இன்னா சாட கீது?"

"நான் சொல்றது—"

"எவனும் அத்தப் பாக்கப் போறதில்ல. எனக்கு நாளைக்கு வாய் வருமான்னே தெரியல, இவரு கோட்ட அளந்துக்கினு கீறாரு. இத்தத் தொடாதீங்க, சொல்லிட்டேன்."

தொடவில்லை. ராத்திரி முழுக்கத் தொடவில்லை. அதற்கே எனக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம்.

காலையில் குளியலறைத் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. என் கால்கள் கடைக்குள் போயின, கை கணினியைத் திறந்தது. ஒரே ஒரு மைனஸ்ஸை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் ஒரு பழைய எழுத்துரு உண்டு. பத்திரிகையில் பெரியவர்களின் பெயர்களை அதில்தான் போடுவேன். அதில் ஒரு நீளக் கோடு இருக்கிறது. மெலிசும் இல்லாமல் தடியும் இல்லாமல், இரண்டு முனையும் வெட்டினாற்போல, பார்த்தால் பசி தீரும். எண்களை அவள் போட்டபடியே விட்டுவிட்டு, குட்டைக் கோட்டை எடுத்து இந்தக் கோட்டை வைத்தேன். நாற்பதுக்கு முன்னால் அது நின்ற அழகு! பிறகு முப்பது மட்டும் என்ன பாவம் செய்தது? இருபது? ஒரு கிணற்றுக்குச் செய்துவிட்டு இன்னொரு கிணற்றை விட்டால் கிணற்றுக்காரர்கள் கேட்க மாட்டார்களா? அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் எல்லாக் கிணறுகளுக்கும் முடித்துவிட்டேன்.

"இன்னா பண்ணிக்கினு கீறீங்க அங்க?"

"பென்டிரைவ்ல ஏத்திக்கினு கீறேன்மா."

பொய் இல்லை. ஏற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

காஞ்சிபுரத்துக்குப் பேருந்து ஏறும்போது காவாந்தண்டலத்துக் கிணற்றுக்காரர் ஒருவர் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். ஒன்றே முக்கால் காணி நிலமும் ஒரு கிணறும் வைத்திருப்பவர். சலவை வேட்டி, புதுத் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை நிறைய வேர்க்கடலை. பேராசிரியர்களுக்காம்.

"என் கெணறு எத்தினியாவது படம் டீச்சர்?" என்று உட்கார்ந்ததும் கேட்டார்.

"மொத படமே ஒங்களுதுதாங்க."

"பாத்தியாணா!" என்று என் தொடையில் ஒன்று போட்டார். "எங்க வூட்ல சொன்னா நம்பல. கெணத்தப் போயி எவன் படம் போட்டுக் காட்டுவான்னு சிரிக்கிறா."

மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு நிலையில் உட்கார முடியவில்லை. சட்டைப்பையில் பென்டிரைவ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன், மூடினேன். மறுபடி தொட்டுப் பார்த்தேன். சொல்லிவிடலாமா? இப்போது சொன்னால் பயந்துவிடுவாள். அங்கே திரையில் பார்க்கும்போது தானாகவே தெரியும், தெரிந்து மனசுக்குள் மெச்சுவாள் என்று நினைத்தேன். இப்படியும் ஒருத்தன் நினைப்பானா என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அப்போது கேட்க ஆள் இல்லை.

"இன்னாணா, கால் ஆடிக்கினே கீது?" என்றார் கிணற்றுக்காரர். "பரிச்ச ஒனக்கா அவங்களுக்கா?"

கல்லூரியில் கூடம் பெரியதாக இருந்தது. முன்வரிசையில் மனைவியின் நெறியாளர். அவருக்குப் பக்கத்தில் வெளியூர்ப் பேராசிரியர், மூக்கு நுனியில் கண்ணாடி. பின்னால் துறை ஆட்கள், ஆராய்ச்சி மாணவர்கள். நானும் கிணற்றுக்காரரும் நடுவரிசையில் உட்கார்ந்தோம். மேடையிலிருந்த கணினியில் பென்டிரைவைப் போட்டார்கள். தலைப்புப் பக்கம் வந்தது. மனைவி வணக்கம் சொன்னாள். குரல் கொஞ்சம் வந்தது. பரவாயில்லை என்று மூச்சு விட்டேன். அடுத்து கிணற்றுக்காரரின் கிணறு வந்தது.

நீல நிறத்தில் தண்ணீர் மட்டம் வளைந்து வளைந்து கீழே இறங்கியது. இடது ஓரத்தில் பூச்சியத்துக்குக் கீழே இப்படி இருந்தது:

ஆ10
ஆ20
ஆ30
ஆ40

முதலில் எனக்கே புரியவில்லை. பிறகு புரிந்தது. எங்கள் பழைய எழுத்துருக்களுக்கு ஒரு குணம். அது இருக்கிற கணினியில்தான் அது அதுவாக இருக்கும். வேறு கணினியில் திறந்தால் கோடு எழுத்தாகும், எழுத்து கோடாகும். இந்தக் கல்லூரிக் கணினியில் அதே பெயரில் வேறு யாரோ செய்த எழுத்துரு இருந்திருக்கிறது. என் கோடு இருந்த இடத்தில் அவன் 'ஆ'வை வைத்திருக்கிறான். இது நடக்கக்கூடாது என்றுதான் வெளியே போகிற எதையும் அனுப்புமுன் எழுத்தைப் படமாக மாற்றிவிடுவோம். அதற்குக் கர்வ் பண்ணுவது என்று பெயர். 'கர்வ் பண்ணியாச்சா?' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கடைச் சுவரில் நானே ஒட்டியிருக்கிறேன். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அதைக் காட்டி வகுப்பெடுப்பேன்.

பின்வரிசையில் ஒரு மாணவன் சிரித்தான். வெளியூர்ப் பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்னம்மா இது? கிணத்துக்குள்ள யாராச்சும் விழுந்துட்டாங்களா?"

கூடமே சிரித்தது. கிணற்றுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கெணத்துல யாரும் விழலியே" என்று என் காதில் கேட்டார்.

மனைவி திரும்பித் திரையைப் பார்த்தாள். பிறகு கூடத்தைப் பார்த்தாள். அவள் கண் வரிசை வரிசையாக வந்து என்மேல் நின்றது. வாயைத் திறந்தாள். குரல் இல்லை.

நான் எழுந்துவிட்டேன். யாரும் எழச் சொல்லவில்லை.

"சார், ஒரு நிமிஷம் சார்! ஃபான்ட் ப்ராப்ளம் சார்!"

"நீங்க யாரு?"

"ஹஸ்பண்ட் சார்."

இதற்கு அதைவிடப் பெரிய சிரிப்பு. சிரிப்புக்கு நடுவே மேடைக்கு ஓடினேன். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு அசையாமல், "நான் பாத்துக்கறேன், போங்க" என்றாள். ஆனால் என் கை ஏற்கெனவே மவுஸில் இருந்தது. அந்தப் போலி எழுத்துருவைத் தேடிப் பிடித்து நீக்கினேன். கணினி என்னவோ கேட்டது. சரி என்று அழுத்தினேன். இன்னொன்று கேட்டது. அதற்கும் சரி. திரை அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்து நீல வெளிச்சம் வந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்காதீர்கள் என்று கணினி எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தது.

கூடத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. வெளியூர்ப் பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நெறியாளர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தை நான் மறக்கப் பார்க்கிறேன்.

"அசல் ஃபான்ட வாங்கிக்கினு ஓடியாந்துர்றேன்" என்றேன் மனைவியிடம்.

"போய்ட்டு வாங்க." எந்த உணர்ச்சியும் இல்லாமல் சொன்னாள்.

ஓடினேன். தாழ்வாரம், படிக்கட்டு, வெயில். போனை எடுத்து வாலாஜாபாத்தில் பத்திரிகைக் கடை வைத்திருக்கும் நண்பனைக் கூப்பிட்டேன். அந்த எழுத்துரு அவனிடம் இருக்கும், நான்தான் கொடுத்தேன்.

"இன்னா நைனா, சொல்லு."

"அந்த ஃபான்ட ஒடனே அனுப்பு. பெரியவங்க பேருக்குப் போடுவமே, அது."

"அது ஒங்கிட்டயே கீதே."

"கடைல கீது. நான் காஞ்சிபுரத்துல கீறேன்."

"கர்வ் பண்ணலியா?"

போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"யோவ், ஊர்ல கீறவன் உசுரையெல்லாம் எடுப்பியேய்யா! நீயே பண்ணலியா?"

"அப்புறம் திட்டு. இப்ப அனுப்பு."

"கரெண்டு இல்ல. வந்தா அனுப்பறேன். யாருக்குக் கல்யாணம்?"

"கெணத்துக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. வாசலில் நின்றுகொண்டு போனையே பார்த்தேன். உள்ளே போனேன், வெளியே வந்தேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். என்ன வரவில்லை என்று கேட்டார். ஒரு கோடு என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். இதற்குள் அங்கே என்ன ஆகியிருக்கும்? வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். பேராசிரியர் பேனாவை மூடி, திருத்திக்கொண்டு வாம்மா என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவள் சரி என்று தலையை ஆட்டுவாள். வீட்டுக்கு வந்ததும் நாடாவைச் சுருட்டி, குண்டைக் கழற்றி, பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடுவாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் என்ன பேசிக்கொள்வோம்?

எழுத்துரு வந்தது. ஆனால் அதை எடுத்துப் போகப் பென்டிரைவ் இல்லை. என்னுடையது அந்த மேடைக் கணினியில் செருகியபடியே இருந்தது. அதை எடுக்கத் திரும்ப ஓடினேன். கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. கதவின் சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். பேராசிரியரின் முதுகு தெரிந்தது. அவர் எழுந்து நின்றிருந்தார். அவருக்கு அப்பால் மனைவியின் கை மட்டும் தெரிந்தது, மேலே தூக்கினபடி. ஐயோ, கெஞ்சுகிறாள் என்று நினைத்தேன். உள்ளே போகக் கால் வரவில்லை. மறுபடி ஜெராக்ஸ் கடைக்கு ஓடி, அந்த மனிதரிடமே கெஞ்சி அவருடைய பென்டிரைவை வாங்கினேன். அதற்கு ஈடாக என் கைக்கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டார். போட்ட புதுச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

மூச்சிரைக்க நான் மாடிப்படி ஏறியபோது கதவு திறந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். காகிதத் தட்டில் கேசரியும் போண்டாவும். பேராசிரியர் வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டே வந்தார்.

"கெடச்சிருச்சி சார்!" என்று பென்டிரைவைத் தூக்கிக் காட்டினேன்.

"என்ன கெடச்சிது?"

"மைனஸ் சார்."

"அது அப்பவே போட்டாச்சே. வாழ்த்துகள்" என்று கடலைத் தோல் ஒட்டிய கையை நீட்டினார். "உங்க வீட்டம்மா டாக்டர் ஆயிட்டாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனந்தம்தான். கொஞ்சம் வெயிலும் இருக்கலாம். ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் கரும்பலகை முழுக்கச் சாக்பீஸால் கிணறு. அச்சுக்கோடு, பூச்சியம், கீழே எண்கள், எல்லாம் அவள் கையெழுத்து. எண்களுக்கு முன்னால் மைனஸ் போட்டிருந்தாள். ஒன்று நீளம், ஒன்று புள்ளி மாதிரி, நாற்பதுக்கு முன்னால் இருந்தது சாய்ந்து விழுந்துகிடந்தது. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பலகைக்குக் கீழே ஒரு துண்டுச் சாக்பீஸ் இருந்தது. எடுத்துவிட்டேன். சத்தியமாக அந்த நாற்பதை மட்டும்தான் நிமிர்த்தப் போனேன்.

"அத்த விட்டுட்டு வாங்க, கேசரி ஆறிடும்" என்று வாசலில் இருந்து அவள் குரல் வந்தது. கூடம் முழுக்கக் கேட்கிற குரல்.

நான் போனேன். அவள் கையெல்லாம் சாக்பீஸ் தூள், மூக்கில்கூடக் கொஞ்சம். என் கையில் ஒரு தட்டைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

"எப்பப் பண்ணீங்க?"

"நீ குளிக்கப் போனப்ப."

"நெனச்சேன். அங்க உக்காந்தப்பவே மூஞ்சி திருட்டு மூஞ்சியாத்தான் இருந்துது."

"கோவமா?"

"கோவம்தான். இன்னிக்கி வேணாம், நாளைக்கி வெச்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டு என் தட்டில் இருந்த போண்டாவை எடுத்துக்கொண்டாள்.

கைக்கடிகாரத்தை மீட்டுக்கொண்டு திரும்புகிற பேருந்தில் ஏறினோம். அவள் பெண்கள் பக்கம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். வண்டி ஓரிக்கை தாண்டும்போதே தலை சாய்ந்து தூங்கிப்போனாள். நானும் கிணற்றுக்காரரும் பின்னால் உட்கார்ந்தோம். அவர் பையில் மிச்சமிருந்த கடலையை என் கையில் கொட்டினார். எனக்குக் கேட்கவும் வேண்டும், கேட்கப் பயமாகவும் இருந்தது.

"நான் வெளிய போனப்பறம் இன்னா ஆச்சி?" என்றேன்.

"இன்னா ஆச்சா? டீச்சரு கொஞ்ச நேரம் அந்த நீல லைட்டப் பாத்துக்கினு நின்னாங்க. அப்பறம் சாக்பீஸ் கீதான்னு கேட்டாங்க. கைல அது வந்துது பாரு, அவ்ளோதான், ஆளே வேற. கர்ரு கர்ருன்னு கெணத்த வரஞ்சாங்க. எங்கெணறுணா, படிக்கட்டு மொதக்கொண்டு வரஞ்சாங்க."

"அந்தப் பேராசிரியர் ஒண்ணும் கேக்கலியா?"

"கேக்காம? எய்ந்து போர்டுகிட்டயே வந்துட்டாரு. மழ பேஞ்ச வருசத்துல மேல ஏறுன தண்ணி அடுத்த வருசமே ஏன் இம்மாம் கீய எறங்குச்சி, கணக்குத் தப்பான்னு கேட்டாரு. டீச்சரு கையத் தூக்கி, 'ஒக்காருங்க, மொதல்ல முழுசாக் கேளுங்க'ன்னாங்க."

"அவரப் பாத்தா?"

"அவரத்தான். அந்தாளு பொட்டுனு ஒக்காந்துட்டாரு. கீய ஒக்காந்திருந்தவங்கோ கூட நிமுந்து ஒக்காந்துட்டாங்கோ. நானே கையக் கட்டிக்கினேன்னா பாத்துக்கோயேன். அப்பறம் என்ன எழுப்பி, அந்த வருசம் பக்கத்துல புதுசா எத்தினி போர் போட்டாங்கன்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். கை தட்டுனாங்கோ."

அவர் கடலைத் தோலை ஊதிவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வண்டி குலுங்கியது. முன்னால் மனைவியின் தலை கம்பியில் முட்டி, விழித்து, மறுபடி சாய்ந்தது.

"நான் அந்த வெயில்ல ஓடுனேன் தெரியுமா?" என்றேன். "கடக்காரன் கால்ல விழாத கொற. வாட்சக் கழட்டிக் குடுத்தேன். அவ வாய் வராம தவிப்பாளேன்னு உசுரு போயி உசுரு வந்துது."

அவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"தப்பா நெனச்சிக்காதணா, ஒண்ணு சொல்றேன்" என்றார். "நீ எய்ந்து வெளிய போனப்பறந்தான் டீச்சருக்கு வாயே வந்துது."